காந்தம் ஒட்டாத எஃகைக் கெடுப்பது எப்படி?

எவர்சில்வர் கடைக்குக் குடம் வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தத் துண்டையும் எடுத்துப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒரிஜினல். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒட்டாத குடமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். இந்த ஞானம் குடத்தோடு நின்றுவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அதே காந்தத்தோடு ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்குள் நுழைந்து, எண்ணெய்க் கிணற்றுக் குழாயும் மின்நிலையத்து ஜெனரேட்டர் வளையமும் வாங்கப் போகிறவர்களுக்கென்று இதுவரை ஒரு வழிகாட்டி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது. வலிமையும் வேண்டும், துருவும் பிடிக்கக் கூடாது, காந்தமும் ஒட்டக் கூடாது என்ற மூன்று குணங்களுக்காகப் பல மடங்கு காசு கொடுத்து வாங்கும் எஃகை, ஆர்டர் போடுவது முதல் பூட்டி ஓட்டுவதுவரை எந்தெந்தக் கட்டத்தில் சுலபமாகக் கெடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

காந்தம் ஒன்றே போதும் என்று நம்புங்கள்

துருப்பிடிக்குமா, எவ்வளவு பாரம் தாங்கும், என்ன கிரேடு, விலை நியாயம்தானா? நாலு கேள்விக்கும் அந்த ஒரே காந்தம் பதில் சொல்லிவிடும் என்று நம்புவதுதான் முதல் பாடம்.

இந்த நம்பிக்கைக்கு எதிர்சாட்சி உங்கள் பையிலேயே கிடக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். சுமார் 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம், நிக்கல் கிடையாது. ஆண்டுக்கணக்கில் வியர்வையிலும் கோயில் உண்டியலிலும் கிடந்தும் அது துருப்பிடித்து உதிர்ந்துபோனதில்லை. எனவே நாணயத்தை உடனே உள்ளே போட்டுவிடுங்கள்.

துருவைத் தடுப்பது குரோமியம். அது குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படியும். கீறினாலும் தானாகவே மூடிக்கொள்ளும். காந்தம் ஒட்டுமா என்பது அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது இந்த எஃகு பிறந்தபோதே தெரிந்த விஷயம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், குருப் ஆலையில், பென்னோ ஸ்ட்ராஸும் எடுவார்ட் மௌரரும் 1912-இல் நிக்கல் சேர்த்து உருவாக்கிய எஃகில் காந்தம் ஒட்டாது. மறு ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி வார்த்ததில் ஒட்டும். இரண்டுமே துருப்பிடிக்காதவை. நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் முதல் குடும்பம், காய் நறுக்கும் கத்தி இரண்டாவது குடும்பம்.

ஒட்டாததெல்லாம் உசத்தி என்ற பாதியும் இதே லட்சணம்தான். சந்தையில் ‘டூ நாட் டூ’ என்றும் ‘ஜே4’ என்றும் புழங்கும் 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை அடிக்கடி பேயாட்டம் ஆடும். 2007 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் டன் 50,000 டாலரைத் தாண்டியது. 2022 மார்ச்சில் ஒரு நாள் ஒரு லட்சம் டாலருக்கும் மேலே போய், சந்தைக்காரர்களே வியாபாரத்தை நிறுத்தி அன்றைய பேரங்களை ரத்து செய்தார்கள். இப்படிப்பட்ட நிக்கலைக் குறைத்து, மாங்கனீசும் நைட்ரஜனும் போட்டுச் சரிக்கட்டியதுதான் 200 வரிசை. வீட்டுக்குடத்துக்கு அது தாராளம். கடற்காற்று படும் இடத்தில் வைத்தால் கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளிகள் போடும். உங்கள் காந்தம் அதைப் பற்றி வாயே திறக்காது.

இடையில் ஒரு வார்த்தை. கடையில் ‘ஒட்டக் கூடாது’ என்று அடம்பிடித்துப் பாத்திரம் வாங்கியவரேதான், வீட்டுக்கு வந்து இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்து ‘சூடாகவே மாட்டேன் என்கிறது’ என்று அடுப்புக் கம்பெனியைத் திட்டுவார். அந்த அடுப்புக்கு அடிப்பாகத்தில் காந்தம் ஒட்ட வேண்டும்.

எஃகுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்

கேட்டால் கெடுப்பது கஷ்டமாகிவிடும். ஆனாலும் சிலர் கேட்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சாதாரண வெப்பத்தில் இரும்பு அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலையில் எட்டு, நடுவில் ஒன்று என்று உட்கார்ந்திருக்கும். ஃபெர்ரைட் என்ற இந்த அடுக்கு காந்தத்துக்கு வசப்படும். 912 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அடுக்கு மாறும். நடுவில் யாருமில்லாமல், ஆறு முகங்களின் மையத்திலும் ஒவ்வொரு அணு வந்து உட்காரும். இதற்குப் பெயர் ஆஸ்டினைட். இதைக் காந்தம் இழுக்காது. நிக்கல், மாங்கனீசு, கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றைப் போதிய அளவு சேர்த்தால், சூடு முழுக்க ஆறிய பிறகும் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பாமல் ஆஸ்டினைட்டாகவே நின்றுவிடும். ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882-லேயே மாங்கனீசைப் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் போட்டு இதைச் செய்து காட்டிவிட்டார். அவருடைய எஃகில் காந்தம் ஒட்டாது, அடித்தால் இறுகும். குரோமியம் இல்லாததால் துரு மட்டும் பிடிக்கும்.

ஆஸ்டினைட்டின் பலவீனம் அதன் மென்மை. நாம் கொண்டாடும் 304 கிரேடின் குறைந்தபட்ச ஈல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அழுத்தம், 205 மெகாபாஸ்கல். கட்டடச் சட்டத்துக்கு வாங்கும் எம்.எஸ். என்ற சாதாரண இரும்புக்கே 250 உண்டு. பளபளப்பைப் பார்த்து ‘இது அதைவிடக் கெட்டி’ என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்காமலிருப்பது நல்லது.

சரி, வலிமையை எப்படி ஏற்றுவது? இங்கே உங்களுக்கு ஓர் அருமையான வாய்ப்பு இருக்கிறது. ‘ஹீட் ட்ரீட்மெண்டுக்கு அனுப்பி ஹார்டு பண்ணிக்கொண்டு வா’ என்று சொல்லிவிடுங்கள். மற்ற எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். ஆஸ்டினைட் எஃகை 1050 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், அது தன் வாழ்நாளிலேயே மிக மென்மையான நிலைக்குப் போகும். கூலியும் கொடுத்து, இருந்த வலிமையையும் இழக்கும் வசதி வேறெந்த உலோகத்தில் இவ்வளவு லேசாகக் கிடைக்கும்?

உண்மையான வழிகளில் ஒன்று நைட்ரஜன். நாம் மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுத்து வெளியே விடும் அதே வாயுதான். உருகிய இரும்பு அதை லேசில் ஏற்காது. 1600 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில், வெறும் இரும்பில் 0.05 சதவீதம்கூடக் கரையாது. குரோமியமும் மாங்கனீசும் நிறைய இருந்தால் கூடுதலாகக் கரையும். அப்படியும் போதாதென்று ஜெர்மனியில் அழுத்தக் கலத்துக்குள் வைத்து, பல மடங்கு காற்றழுத்தத்தில் மறுபடி உருக்கி உள்ளே தள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். நிரம்பி வழியும் டவுன் பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு நடுவே ஒருவர் பையோடு நுழைந்து நின்றுவிட்டால் முன்னே பின்னே ஒருவரும் நகர முடியாது அல்லவா, இரும்பு அணுக்களின் இடுக்கில் நைட்ரஜன் நுழைந்து நிற்பதும் அதே வேலைதான். அடுக்கு அடுக்காக வழுக்குவது தடைப்படுகிறது. கூடவே ஆஸ்டினைட்டை நிலைக்க வைக்கிறது, கடல் நீரின் குளோரைடு குழிபறிப்பதையும் எதிர்க்கிறது.

22-13-5 என்றும் எக்ஸ்எம்-19 என்றும் வழங்கும் கிரேடில் நைட்ரஜன் 0.2 முதல் 0.4 சதவீதம்தான். 22, 13, 5 என்பவை குரோமியம், நிக்கல், மாங்கனீசின் சதவீதங்கள். மென்மையான நிலையிலேயே இதன் ஈல்டு 380 மெகாபாஸ்கல், 304-ஐப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ச்சாமல் குளிர்நிலையிலோ லேசான சூட்டிலோ இழுத்தும் அடித்தும் 725-க்குக் கொண்டுபோகலாம். அப்போதும் காந்தம் ஒட்டாது. அந்த ‘அப்போதும்’ என்பதற்குத்தான் விலை.

ஆர்டரைக் குத்துமதிப்பாகப் போடுங்கள்

‘ஹை ஸ்ட்ரெங்த் எஸ்.எஸ்., நான்-மேக்னெட்டிக், பெஸ்ட் குவாலிட்டி’ என்று ஒரே வரி. எண் எதுவும் எழுதக் கூடாது. எழுதினால் சப்ளையர் யோசிப்பார்.

இப்படி எழுதினால் என்னென்ன வரலாம் என்று பாருங்கள். ‘ஹை ஸ்ட்ரெங்த்’ என்ற சொல்லை மட்டும் படித்தவர் 17-4 பி.எச். அனுப்புவார். அருமையான சரக்கு, வலிமையில் குறையே சொல்ல முடியாது. காந்தத்தில் போய்ப் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். இன்னொருவர் டூப்ளெக்ஸ் அனுப்புவார். அதில் பாதி ஆஸ்டினைட், பாதி ஃபெர்ரைட். பாதிக்குப் பாதி ஒட்டும். ‘நான்-மேக்னெட்டிக்’ என்பதை மட்டும் படித்தவர் 304 கம்பியை அனுப்பிவிட்டு, கொட்டேஷனில் தான் போட்டதுதான் குறைந்த விலை என்று நினைவூட்டுவார். நான்காமவர் 304-ஐயே குளிர்நிலையில் உருட்டி இறுக்கி அனுப்புவார். அவர்தான் உங்களுக்குத் தேவையானவர். அவருடைய சரக்கு ஏன் காந்தமாகிப்போனது என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

சரக்கு வந்ததும் சோதனை செய்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு எக்ஸ்-ரே துப்பாக்கி நல்லது. பார்ப்பதற்கு மிடுக்காக இருக்கும், கம்பியில் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் குரோமியம், நிக்கல், மாங்கனீசு, மாலிப்டினம் எல்லாம் திரையில் எண்களாக வந்து விழும். அதில் வராதது நைட்ரஜன். அவ்வளவு லேசான தனிமத்திலிருந்து எழும் கதிர் கையடக்கக் கருவியின் கண்ணுக்கு எட்டாது. அதாவது எந்தத் தனிமத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்தீர்களோ, அது இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர மற்றது பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டு கொடுத்து முறையாக நைட்ரஜன் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும்தான். துண்டு வெட்ட வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும், எதற்கு வம்பு. டெஸ்ட் சர்ட்டிபிகேட்டின் ஜெராக்ஸ் இருக்கிறதல்லவா, ஃபைலில் போடுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் கம்பியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது சந்தேகப் பிராணிகளின் வேலை.

பட்டறையில் முழு உரிமை கொடுங்கள்

எல்லாம் மீறி நல்ல சரக்கே வந்துவிட்டாலும் மனம் தளராதீர்கள். இன்னும் வளைப்பது, துளையிடுவது, வெல்டு வைப்பது, தேய்ப்பது எல்லாம் பாக்கி இருக்கிறது.

முதலில் வளைப்பு. 304-இல் ஆஸ்டினைட் நிற்பது ஏறத்தாழ ஒரு தள்ளாட்டத்தில்தான். குளிர்நிலையில் வளைத்தாலோ அடித்தாலோ இழுத்தாலோ, அழுத்தம் பட்ட இடத்தில் அது மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்காகச் சரிந்துவிடும். மார்ட்டென்சைட் இறுகியது, காந்தமும் ஒட்டும். சந்தேகமிருந்தால் வீட்டு சிங்கில் பாருங்கள். நடுத்தட்டில் வைத்தால் வழுக்கி விழும் காந்தம், ஆழமாக இழுத்து அழுத்திய மூலை வளைவில் லேசாகப் பிடிக்கும். கலப்படம் எதுவும் இல்லை, ஒரே தகடுதான். இறுக்கிய 304 அனுப்பிய அந்த நான்காமவரின் கம்பியில் நடந்ததும் இதுவே. குளிர் இன்னும் மோசம். திரவ நைட்ரஜன், ஹீலியம் போன்ற கடுங்குளிரில் வேலை செய்யும் பாகங்களில் இந்தச் சரிவு இன்னும் சுலபம். ஆகவே கடுங்குளிர்க் கருவிக்கு 304-ஐ நன்றாக அடித்து வளைத்துப் போடும்படி நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

எக்ஸ்எம்-19 மாதிரியானவற்றில் இந்தத் தந்திரம் பலிக்காது. எவ்வளவு இழுத்தாலும் அதன் பெர்மியபிலிட்டி, பாடப்புத்தகத்தில் காந்த உட்புகுதிறன் என்பார்களே அது, 1.01-க்குள்ளேயே நிற்கும். வெற்றிடத்துக்கு 1 என்றால் இதற்கு அதைவிட ஒரு துளிதான் கூட. இங்கே வேறு வழி பார்க்க வேண்டும்.

துளையிடும்போது மொக்கை பிட்டைப் போடச் சொல்லுங்கள். ஆஸ்டினைட் எஃகு தேய்க்கத் தேய்க்க இறுகும் ஜாதி. கூரான பிட்டைக் கனமாக அழுத்தி, நிறையக் கூலண்ட் விட்டு, நிறுத்தாமல் ஓட்டினால் இறுகிய தோலுக்கு அடியில் கடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக வைத்து, ‘இறங்குதா பாரு’ என்று நடுவில் நிறுத்தி, பிட் சும்மா சுற்றும்படி விட்டால், குழியின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு தோல் உண்டாகும். பிறகு அடுத்த பிட், அதற்கடுத்த பிட் என்று பிட் கடைக்காரர் நன்றாக இருப்பார்.

வெல்டிங்கில் ஒரு நுட்பமான வாய்ப்பு இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 304 தகடுகளை இணைக்க வெல்டர் வழக்கமாக எடுக்கும் 308 எல் கம்பியில், வேண்டுமென்றே சில சதவீதம் ஃபெர்ரைட் வரும்படி வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் வெல்டு உறையும்போதே விரிசல் விடக்கூடும். ஃபெர்ரைட் காந்தத்தில் ஒட்டும். எனவே காந்தம் ஒட்டாத தகடுகளைப் பார்த்துப் பார்த்து வாங்கி, வழக்கமான கம்பியால் இணைத்தால், ஒவ்வொரு இணைப்பும் காந்தம் பிடிக்கும் ஒரு கோடாக மாறிவிடும். வெல்டரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை. முழுக்க ஆஸ்டினைட்டாக உறையும் கம்பிகள் உண்டு. அவற்றுக்குக் குறைந்த சூடு, பொறுமையான கை, விரிசல் சோதனை எல்லாம் வேண்டும். இந்த மூன்றையும் ரேட்டில் சேர்க்காமல் விடுவது உங்கள் பொறுப்பு.

பிறகு எம்.எஸ். தேய்த்த அதே கிரைண்டிங் சக்கரத்தாலும், சாதா இரும்புக் கம்பிப் பிரஷாலும் மேல்பரப்பைப் பளபளப்பாக்கச் சொல்லுங்கள். இரும்புத் துகள்கள் அதில் பதிந்து, முதல் மழையிலேயே துருப்புள்ளி தெரியும்; கருவியில் வைத்தால் காந்தமும் காட்டும். ஒரே தேய்ப்பில் இரண்டு குணமும் போச்சு.

கடைசியாக போல்ட். கடையில் கிடைக்கும் ஏ2-70 போதும் என்று சொல்லிவிடுங்கள். ஏ2 என்றால் 304 குடும்பம், 70 என்றால் 700 மெகாபாஸ்கல் இழுவிசை. அந்த 700 எங்கிருந்து வந்தது? குளிர்நிலையில் இழுத்து, தலையை அடித்து உருவாக்கியதால் வந்தது. அதனால்தான் போல்ட்டின் தலையில் காந்தம் லேசாகப் பிடிக்கிறது. லட்ச ரூபாய் எஃகை வாங்கி, பத்து ரூபாய் போல்ட்டால் காந்தமாக்கும் இந்த முறைக்கு ஈடு இணை இல்லை. எண்ணெய் போடாமல் வேகமாக முடுக்கினால் இன்னும் விசேஷம்; எஸ்.எஸ். போல்ட்டும் எஸ்.எஸ். நட்டும் மரையில் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொண்டு, பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய இடங்களில் கெடுக்க விரும்புவோருக்கு

குடமும் சிங்கும் போதாது என்கிறவர்கள் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகலாம். காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் ரிக் பார்த்திருப்பீர்கள். துளையிடும் பிட்டுக்கு மேலே, அதன்மேல் பாரம் ஏற்றுவதற்காகக் கனத்த குழாய்களை மாட்டுவார்கள். டிரில் காலர் என்பது பெயர். ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டரைத் தாண்டும், கனம் டன் கணக்கில். இந்தக் காலத்துக் கிணறுகள் நேராக இறங்குவதில்லை, சாய்ந்து திரும்பிப் பக்கவாட்டில் ஓடும். எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் காலருக்குள் வைத்த காந்தமானிகள் பூமியின் காந்தப்புலத்தைப் பார்த்துச் சொல்லும். பூமியின் புலமோ வெறும் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. சுற்றியுள்ள குழாயே காந்தமாக இருந்தால் அந்த முனகலைக் கருவி எப்படிக் கேட்கும்?

அதனால் கருவி இருக்கும் நீளத்துக்கு மட்டும், மாங்கனீசு 20 சதவீதத்தை நெருங்கும் நைட்ரஜன் எஃகில் காலர் செய்கிறார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரநிர்ணயப்படி அதன் பெர்மியபிலிட்டி 1.010-க்குக் கீழே, பருத்த காலர்களுக்கும் ஈல்டு 689 மெகாபாஸ்கலுக்குக் குறையாமல். உள்துளை முழுக்கக் கருவியை ஓட்டி, எங்காவது காந்தப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இத்தனையும் வீண்செலவு என்று தோன்றினால் சாதாரணக் காலரையே மாட்டுங்கள். திசையில் ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் விலகும். மூன்று கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடினால் ஐம்பது மீட்டருக்கு மேல். எண்ணெய் இருக்கும் மணற்படுகையை விட்டுப் பக்கத்துக் கிணற்றுக்கே போய்ச் சேரும் பாக்கியமும் கிடைக்கலாம்.

நல்ல காலரைக் கெடுக்கவும் வழி உண்டு. பழுதானால் கேஸ் டார்ச்சால் காய்ச்சிச் சரிசெய்யுங்கள். 500 முதல் 850 டிகிரிவரை வைத்துக் காய்ச்சினால் குரோமியம் கார்பனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து ஒதுங்கி, எஃகின் நுண்மணிகளின் ஓரங்களில் துருத்தடுப்பு வற்றிப்போகும். சூடான உப்புச் சேறு உள்துளையில் ஓடும்போது அந்த ஓரங்கள் வழியே விரிசல் ஓடும். இதைத் தடுக்கத்தான் உள்துளையைச் சுத்தியலால் கொத்தி அமுக்குவிசை ஏற்றி வைத்திருக்கிறார்கள். காய்ச்சினால் அதுவும் தளர்ந்துவிடும்.

விரிசல் என்றதும் ஜெனரேட்டர் நினைவுக்கு வருகிறது. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே சொல்ல வேண்டும். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அனல்மின் நிலைய ரோட்டர்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன. ரோட்டர் உடலுக்கு வெளியே இரண்டு முனையிலும் செம்புச் சுருள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கிலோ செம்பு, அந்த வேகத்தில் சுமார் 5 டன் எடையோடு வெளியே பாயப் பார்க்கும். விளிம்பின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர். அந்தச் சுருள்களைப் பிடித்து வைத்திருப்பது, காய்ச்சி விரியவைத்து மாட்டி, ஆறியதும் இறுகப் பிடிக்கும் ஒரு எஃகு வளையம். ரிடெய்னிங் ரிங். தன் சொந்த எடையையும் செம்பின் எடையையும் அதுவே தாங்க வேண்டும். ஆயிரம் மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமை கேட்கும் இடம். காந்தம் பிடிக்கும் எஃகில் செய்தால் முனையில் கசியும் காந்தப்புலம் அதன் வழியே பாய்ந்து இழப்பும் சூடும் கூடும். ஆக வலிமை, காந்தமின்மை இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

பல காலம் இதை 18 சதவீத மாங்கனீசு, 5 சதவீத குரோமியம் சேர்ந்த எஃகில் செய்தார்கள். வலிமை இருந்தது, காந்தமும் இல்லை. குரோமியம்தான் போதவில்லை. நிலையம் நின்றிருக்கும் நாட்களில் வளையத்தில் படியும் ஈரமே அதற்குப் போதும். இழுவிசையும் ஈரமும் சேர்ந்து மயிரிழை விரிசல் விழும், ஓட ஓட வளரும். உலகில் பல இடங்களில் விரிசல் விட்ட வளையங்களைக் கழற்றினார்கள். சில ஓடும்போதே சிதறி, ஜெனரேட்டரையே நாசம் செய்தன. அதன் பிறகு வந்ததுதான் மாங்கனீசு 18, குரோமியம் 18, அரை சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன் கொண்ட எஃகு. வளையத்தைக் குளிர்நிலையில் உள்ளிருந்து விரித்து இறுக்குகிறார்கள். அந்த ஈரப்பிரச்சினை தீர்ந்தது.

பழைய வளையம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் எதையாவது நீங்கள் நிர்வகித்தால், கெடுக்கும் வழி மிக எளிது: பராமரிப்பு நிறுத்தத்தில் உலர்ந்த காற்று ஓட்டாதீர்கள், வளையத்தைச் சோதிக்க ஆள் கூப்பிடாதீர்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் தயவுசெய்து வேடிக்கையாக எடுத்துக்கொண்டு அப்படியே செய்துவிடாதீர்கள். ரோட்டருக்குப் பக்கத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள்.

நீர்மூழ்கிக் கப்பல்காரர்களும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தான். காந்தக் கண்ணிவெடிக்குத் தப்ப வேண்டுமென்று மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில் 201 வகைப் படகுகளின் உடலைக் காந்தமில்லா எஃகில் கட்டியது. கடல் நீர் அந்த எஃகை அரித்தது. பன்னிரண்டு கட்டத் திட்டமிட்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு எஃகைத் திருத்தி, இந்த நூற்றாண்டில் 212ஏ வகையைக் காந்தமில்லா உடலோடு கட்டி ஓட்டுகிறார்கள். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியில் 1232 வளைவுக் காந்தங்கள்; ஒவ்வொன்றின் மீக்கடத்திச் சுருளையும் மைனஸ் 271 டிகிரியில் இறுக்கிப் பிடிப்பவை மாங்கனீசு மிகுந்த காந்தமில்லா எஃகுப் பட்டைகள். அங்கே யாரும் 304-ஐ அடித்து வளைத்து அனுப்பவில்லை, வருத்தம்தான்.

எம்.ஆர்.ஐ. அறையைப் பற்றி நிறையக் கேள்விகள் வரும். உடலுக்குள் வைக்கும் தகட்டுக்கும் மூட்டுக்கும் நைட்ரஜன் ஏற்றிய எஃகு ஐ.எஸ்.ஓ. 5832-9 என்ற தரநிர்ணயத்தின்படி வருகிறது, அது ஆஸ்டினைட்தான். ஆனால் ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி, தள்ளுவண்டியின் ஸ்ப்ரிங் எல்லாம் அப்படியல்ல. 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் புலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில் சிலிண்டரோடு அந்த அறைக்குள் இழுக்கப்பட்டு ஒருவர் உயிரே போனது. ‘எஸ்.எஸ். தானே’ என்று சொல்லி எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். உடலில் எந்த உலோகம் இருந்தாலும் முதலில் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு வழி சொல்லியும் கெடுக்க மனம் வராமல், ஜாப் நிஜமாகவே ஓட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஆர்டரில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். கிரேடு பெயர். குறைந்தபட்ச ஈல்டு, மெகாபாஸ்கலில். அதிகபட்ச பெர்மியபிலிட்டி, எல்லா வேலையும் முடிந்த பிறகு, வெல்டு மேலும் அளந்தது. நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்த அறிக்கை. பெர்மியபிலிட்டி பார்க்கப் பை காந்தம் உதவாது. செவர்ன் கேஜ் என்று கையடக்கமாக ஒன்று இருக்கிறது, தெரிந்த மதிப்புள்ள துண்டுகளோடு ஒப்பிட்டு 1.01 மாதிரியான அளவுகளையே காட்டும், அதை வாங்கி வையுங்கள். வெல்டருக்கும் லேத்காரருக்கும் இந்த ஆர்டரின் ஒரு நகலைக் கொடுங்கள். இதற்குப் பிறகு வரும் கொட்டேஷன் 304-ஐப் போல் பல மடங்கு இருக்கும். பேரம் பேச வேண்டாம்; அது நியாயமான விலை.